வாதி நடையும் பாலைவன முகாமும்: கடலூர், புதுச்சேரியிலிருந்து ஓமன் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், கடலூர் என்று இந்தப் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும், வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனோ மச்சானோ இல்லாத தெரு அரிது. அவர்களைப் பார்க்க மஸ்கட் போகிறவர்கள் இப்போது இரண்டு இடங்களைச் சேர்த்தே விசாரிக்கிறார்கள். ஒன்று, வாதி ஷாப் என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடை; ஆற்றுப் பள்ளத்தாக்கைத்தான் அரபியில் வாதி என்கிறார்கள். மற்றொன்று, அங்கிருந்து ஷர்கியா பாலைவனத்துக்குப் போய் ஓர் இரவு முகாம். எங்கள் நடைக்குழுவில் பயணத்துக்கு முன் கூடிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வெள்ளத்தைப் பற்றிய பதிலை மட்டுமாவது உடன் வரும் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

மழையே அபூர்வமான நாட்டில் வெள்ளத்துக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

2024 டிசம்பர் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் கடலூர் வரைக்கும் ஊர்கள் மூழ்கின. மழை கொட்டியது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தது நாம்.

வாதியிலும் இதே கதைதான். ஆனால் இடையில் அணை கிடையாது, ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டு வரும் வாகனமும் கிடையாது. வாதிக்குத் தண்ணீர் வரும் ஹஜர் மலைத்தொடர் மொட்டைப் பாறை. மழைநீரை உறிஞ்ச மண்ணோ மரமோ பெரிதாக இல்லை. பெய்த மழையில் பெரும்பகுதி அப்படியே வழிந்து, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் வந்து இறங்கும். அகன்ற ஆற்றில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், இடுக்கில் ஆளை மூழ்கடிக்கும் உயரத்துக்கு எழும்பிவிடும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே இது நடக்கும். 2024 ஏப்ரலில் வடக்கு ஷர்கியா பகுதியில் பள்ளி மாணவர்கள் சென்ற வாகனத்தை வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அவர்கள் உள்ளூர்க் குழந்தைகள்.

ஆகவே போகும் நாளுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் ஓமன் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். வாதி ஷாப் இருக்கும் திவி கிராமத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, மேலே மலைப்பகுதிக்கும் சேர்த்துப் பாருங்கள். மழை வாய்ப்பு என்று இருந்தால் அன்றைக்கு வாதி வேண்டாம். உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ லாரி ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால், பையையும் செருப்பையும் தேடாமல் பக்கவாட்டில் ஏற முடிந்த உயரத்துக்கு ஏறுங்கள். வந்த வழியே ஓடக் கூடாது, தண்ணீரும் அதே வழியில்தான் வரும். ஏறிய இடத்திலேயே வெள்ளம் வடியும்வரை உட்கார்ந்திருங்கள்.

வெள்ளம் ஓடும் வாதிக்குள் காரை இறக்குவது ஓமனில் தண்டனைக்குரிய குற்றம். எதிரில் உள்ளூர் வண்டி ஒன்று கடந்து போவதைப் பார்த்தாலும் நீங்கள் இறக்காதீர்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது பாலைவன முகாம் என்ற பேச்சே வேண்டாம். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குப் பொங்கல் கழிந்த பின் வரும் வாரங்களைத்தான் நான் சொல்வேன். நவம்பர், டிசம்பரில் புறப்படுகிற நாளன்று இங்கே புயல் சின்னம் வந்து நின்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உங்கள் பயணம் முடிந்துவிடும். அந்த மாதங்களில் டிக்கெட் எடுத்திருந்தால் ஒரு நாள் முன்பே சென்னை போய்த் தங்கிவிடுங்கள்.

ஆனால் வடக்கு ஓமனுக்குப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் மழையும் வரும். சுகமான மாதமும் வெள்ளம் வரக்கூடிய மாதமும் ஒன்றாக இருப்பதால், வாதிக்கென்று ஒரு நாளை மட்டும் ஒதுக்காமல் மாற்று நாள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி அங்கே வார விடுமுறை, கூட்டம் நெரியும். ரம்ஜான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் அங்கே சட்டப்படி கூடாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடப்பது ஆபத்து என்பதால் அந்த மாதத்தையும் தவிர்த்துவிடலாம்.

வாதி ஷாப் நடை எவ்வளவு கடினம்?

மஸ்கட்டிலிருந்து சூர் போகும் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். சாதாரண காரே போதும். நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, எதிரே தெரியும் குளம்போன்ற நீர்ப்பரப்பைச் சிறு படகில் கடக்க வேண்டும். படகுக்கு ஒரு ரியால் அளவில் வாங்குவார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கரையில் முதலில் பேரீச்சையும் வாழையும் நிற்கும் தோட்டங்கள். பக்கத்திலேயே கரை கட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அந்த நிழலில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நடப்பார்கள். தோட்டம் முடிந்ததும் பாதை பாறைகளுக்கு மாறும். மாட்டுவண்டி அளவு உருண்டைக் கற்கள், ஒருவர் மட்டும் போகக்கூடிய பாறை விளிம்பு, நடுநடுவே முட்டியளவுத் தண்ணீர். பழகியவர்களுக்கு முக்கால் மணி நேரம், குடும்பத்தோடு போனால் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகலாம். நடை முடிகிற இடத்தில் மடுக்கள் தொடங்கும். ஒன்றன்பின் ஒன்றாக நீந்திக் கடந்தால், கடைசியில் தலை மட்டும் நுழைகிற அளவு பாறைப் பிளவு ஒன்று வரும். அதற்கு அப்பால் ஒரு குகை, குகைக்குள் அருவி.

எட்டு மணிக்கே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறைகள் கொதிக்கத் தொடங்கும், அருவிப் பிளவின் முன்னால் வரிசையும் நீளும்.

எனக்கு நீச்சல் தெரியாது. குகைவரை போக முடியாதா?

முதல் மடுவரை போங்கள், கால் நனையுங்கள், அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அந்த இடுக்கில் நடப்பதே போதிய காட்சி. நீச்சல் தெரியாதவரை நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதை நான் அனுமதிப்பதில்லை. ஒருவர் தடுமாறினால் பிடித்தவரையும் சேர்த்து இழுப்பார்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாகக் கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு. தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் மடுவைப் பார்த்ததும் இளக்காரமாக நினைக்கிறார்கள். கடல்நீரின் உப்பு உடலைக் கொஞ்சம் தாங்கும். நன்னீர் அந்த அளவுக்குத் தாங்காது. நடந்து களைத்த காலோடு, மதிய உணவுக்குப் பின் இறங்கினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். உயிர்காப்புச் சட்டையை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். அது வேண்டாம் என்கிறவர் குகைக்கு வர வேண்டாம் என்பது எங்கள் குழுவின் விதி. பாறை மேலிருந்து குதிப்பதும் கூடாது. தண்ணீருக்கு அடியில் கல் எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது.

இங்கேயே எப்படிப் பயிற்சி எடுப்பது?

இந்த விஷயத்தில் நம் ஊர் போல வசதியான இடம் அமையாது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மணலுக்குக் கடலூர் சில்வர் பீச். ஈரமான கெட்டி மணலில் நடந்தால் பயன் இல்லை, கரைக்கு மேல் கால் புதையும் உலர்ந்த மணலில் நடங்கள். கெட்டித் தரையைவிட அங்கே நடக்க இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு வேண்டும். முதல் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அது இயல்பு. முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம், கடைசி இரண்டு வாரம் தோளில் ஐந்து கிலோ பையோடு. மணல்மேட்டில் ஏறும்போது குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தைப் பக்கவாட்டில் செருகி ஏறிப் பழகுங்கள். இறங்கும்போது குதிகால் முதலில் பதிய வேண்டும்.

பாறைக்குச் செஞ்சி. ராஜகிரிப் படிகளில் ஏறுவது நெஞ்சுக்குப் பயிற்சி, இறங்குவது முட்டிக்குப் பயிற்சி. எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். வாதியில் வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிற வழியில்தான் விழுகிறார்கள், களைத்த முட்டி மடங்கி. ஆகவே செஞ்சியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், பேச்சை நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் காலை மெதுவாக வையுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆரோவில் பக்கம் பொம்மையார்பாளையத்தை ஒட்டிய செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. மழைநீர் அறுத்து உண்டாக்கிய அந்த இடுக்குகளில் நடந்தால், பெரிய பள்ளத்தாக்குகள் எப்படி உருவாகின்றன என்பது கண்முன்னே விளங்கும். விளிம்பு இடியக்கூடிய மண் என்பதால் ஓரத்தில் நிற்காதீர்கள். மழை பெய்த மறுநாள் அங்கே போகவே வேண்டாம்.

எந்தக் காலணி?

வாதிக்கு, நனைந்தாலும் பிடிப்புக் குறையாத அடிப்பகுதி உள்ள, முன்விரலை மூடுகிற காலணி. அதை வாங்கிய உடனே போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு ஒரு மணி நேரம் தெருவில் நடந்து பாருங்கள். உலர்ந்திருக்கும்போது பொருந்துகிற காலணி நனைந்ததும் குதிகாலைக் கடிப்பதை அப்போது கண்டுபிடித்துவிடலாம். பாலைவனத்தில் காலையும் மாலையும் வெறுங்காலே சுகம். பகலில் மணல் சுடும், காலுறையோடு மூடிய காலணி வேண்டும்.

பெண்கள் என்ன உடுத்துவது?

தோளும் முட்டியும் மறைய வேண்டும் என்பது அந்த ஊரார் எதிர்பார்க்கும் மரியாதை. அது ஆண்களுக்கும் பொருந்தும், வெற்றுடம்போடு கிராமத்துக்குள் நடக்காதீர்கள். தண்ணீருக்குள் முழுக்கைச் சட்டையும் காலை ஒட்டிய செயற்கை இழை உடையும் போதும். துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிடுங்கள், கழுத்தில் சுற்றிய நீளத் துணி நீச்சலுக்கு ஆகாது. பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் கல்லாய்க் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். மாறாக, பாலைவனத்தில் தளர்ந்த பருத்தியே நல்லது.

உள்ளூர்ப் பெண்களை அவர்கள் அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள்.

பாலைவனத்தில் ஓர் இரவுக்கு எவ்வளவு தண்ணீர்?

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். சமையலுக்கும் கை கழுவவும் இன்னும் இரண்டு லிட்டர். நான்கு பேர் ஒரு நாள் தங்கினால் 28 லிட்டர். அதோடு, வண்டி மணலில் சிக்கி மறுநாள்தான் வெளியே வர முடிகிறது என்றால் குடிக்க ஒரு நாள் உபரியாக 20 லிட்டர் கேன் ஒன்று. எல்லாத் தண்ணீரையும் ஒரே கேனில் வைக்காதீர்கள். ஒன்று உடைந்தால் மற்றது இருக்க வேண்டும்.

நமக்குப் பழகிய புழுக்கத்தில் வியர்வை சட்டையில் ஊறி வழியும், ‘உடம்பில் தண்ணீர் போகிறது’ என்பது தெரியும். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை வந்த உடனே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருப்பதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக் குடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தாகத்தை நம்பாமல் அரை மணிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. வெறும் தண்ணீரோடு உப்புக்கரைசலும் வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில்.

பாலைவனத்தில் குளிருமா?

குளிரும். ஜனவரி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். மார்கழிப் பனிக்கே தலையில் மப்ளர் சுற்றுகிற நமக்கு அது பெரிய குளிர். ஷர்கியா மணல் அரபிக்கடலுக்கு அருகில் இருப்பதால் விடியற்காலையில் பனியும் ஈரமும் இறங்கும். கூடாரத்துக்கு வெளியே காயப்போட்ட துணி காலையில் பிழியலாம்போல் இருக்கும். ஒரு கம்பளிச் சட்டை, குல்லாய், காலுறை, கீழே விரிக்கக் கனமான விரிப்பு. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், உடம்பின் சூட்டை மணல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கூடாரத்தை மணல்மேட்டின் உச்சியில் போடாதீர்கள், காற்று பிய்த்துவிடும். மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வில், ஓர் ஓரமாகப் போடுங்கள். அந்தத் தாழ்வுகள்தாம் அங்கே வண்டித்தடம் என்பதால் நடுவில் போடக் கூடாது. இரவு முழுக்க ஒரு சிறு விளக்கு எரியட்டும். மேட்டைத் தாண்டி வேகமாக வரும் வண்டிக்கு நீங்கள் அங்கே இருப்பது தெரிய வேண்டும்.

நாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு மணலுக்குள் போகலாமா?

மணலில் ஓட்டிப் பழகியவர் உடன் இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் பதில். வாதி ஷாப்பிலிருந்து சூர் வழியாக, பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள பிதியா வரை தார்ச்சாலை. அங்கே காரை நிறுத்திவிட்டால், முகாம் நடத்துகிறவர்கள் தங்கள் வண்டியில் வந்து அழைத்துப் போவார்கள். செலவு கூடும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மச்சான் பத்து வருடமாக அங்கே இருக்கிறார், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் வைத்திருக்கிறார் என்றால் சரி. அப்போதும் இரண்டு வண்டிகளாகப் போங்கள். பிதியாவில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, டயர் காற்றைப் பதினைந்து முதல் பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் பரந்து படிந்தால்தான் மணலில் மிதந்து போகும். ஏற்றத்தில் நிறுத்தாதீர்கள், பிரேக்கைத் திடீரென மிதிக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் புதையும். இறங்கி, சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை வாரிவிட்டு, மெல்லப் பின்னுக்கு எடுங்கள். வழி தவறினால் வண்டியைவிட்டு நடக்கக் கூடாது. தேடுகிறவர்கள் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் முதலில் தெரியும். அவசர உதவிக்கு 9999. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகம் எடுக்காதீர்கள்.

வாடகை வண்டி என்றால் காப்பீடு மணலில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டி எடுத்துக்கொள்ளலாம், ஓராண்டுக்குச் செல்லும். ஓமனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும்.

விறகு அங்கேயே பொறுக்கிக்கொள்ளலாமா?

விறகோ கரியோ கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். அந்த மணலில் தனித்தனியாக நிற்கும் மரங்களை அரபியில் காஃப் என்பார்கள். அது வேறொன்றுமில்லை, விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நாம் கும்பிடும் வன்னிதான். வேரை ஆழத்துக்கு அனுப்பித் தண்ணீர் தேடி, ஒட்டகத்துக்குத் தழையும் ஆட்டுக்கு நிழலும் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. பட்டுப்போனதுபோல் தெரியும் கிளையிலும் மறுபடி துளிர் விடும். அதன் கீழே நெருப்பு மூட்டக் கூடாது, கிளையை ஒடிக்கவும் கூடாது. இதை யார் மீறினாலும் எனக்குக் கோபம் வரும்.

அணைத்த நெருப்பின் மேல் மணலை மட்டும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மணலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடி வரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி அணையுங்கள்.

தேள், பாம்பு?

இருக்கின்றன. காலணியைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை நுழைக்காதீர்கள். கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும். இரவில் ஒதுங்கப் போகும்போது டார்ச்சு வேண்டும்.

ஊரிலிருந்து என்ன சாப்பாடு, என்ன மருந்து கொண்டு போகலாம்?

புளிச்சோறு ஒரு வேளைக்குத் தாங்கும். எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, வறுத்த பண்ருட்டி முந்திரி, அவல் ஆகியவை நடையின்போது கை கொடுக்கும். சாக்லேட் வெயிலில் உருகிப் பையெல்லாம் பூசிக்கொள்ளும். கசகசா வேண்டவே வேண்டாம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. துபாய் வழியாக விமானம் மாறுகிறவர்கள், அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே பெட்டியை மூடுங்கள்.

மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டு போங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெயிலில் நடக்கும் நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். இன்சுலினை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

விசா?

விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. ராயல் ஓமன் காவல்துறையின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம், கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, மகனுக்கு ஏழு வயது. அழைத்துப் போகலாமா?

பாலைவன முகாமுக்குத் தாராளமாக, பிதியாவிலிருந்து முகாம் வண்டியில் போவதென்றால். மாமியாருக்குக் கூடாரத்தில் தரைப் படுக்கை ஒத்துவராது, கட்டில் இருக்கும் முகாமாகக் கேளுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இரவில் மணலில் நடப்பது வயதானவர்களுக்குச் சிரமம்.

வாதியில் படகைக் கடந்து தோட்டம் முடிகிறவரை இருவரும் வரலாம், அவ்வளவுதான். பாறை தொடங்கும் இடத்தில் நிழல் பார்த்து அவர்களை உட்கார வைத்து, குழுவில் ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். குகைக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பள்ளத்தாக்கின் உள்ளே போனால் செல்பேசி எடுக்காது. அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கடந்தும் ஆள் வரவில்லையென்றால், அவர் படகுத்துறைக்குத் திரும்பி வந்து படகோட்டிகளிடம் சொல்ல வேண்டும். தானே தேடிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.